விளக்கு வழியாகப் பெட்ரோல் குடித்த கார்

"அப்பா, அந்தக் கார் ஏன் விளக்கு வழியா பெட்ரோல் குடிக்குது?"

பல வருடங்களுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு குழந்தை கேட்ட கேள்வி இது. அப்பா சிரித்தார். பங்க் ஊழியரும் சிரித்தார். மறுநாள் விசாரணைக்கு வந்த இன்சூரன்ஸ் அதிகாரியிடம் ஊழியர் இதைத் தமாஷாகச் சொன்னபோது அவரும் சிரித்தார். குழந்தைக்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வி இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்ததோ, ஒரு சனிக்கிழமை காலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்துக்குள் செய்தித்தாள் வடிவத்தில் நுழைந்தது.

அலுவலகத்தில் இரண்டே பேர். துப்பறிகிறவளை எல்லோரும் அண்ணி என்றுதான் அழைப்பார்கள். அவளுடைய கணவனின் தங்கைதான் உதவியாளர். அந்த நாத்தனார் பேச ஆரம்பித்த நாளிலிருந்து நிறுத்தியதில்லை என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அண்ணி, இந்த விளம்பரத்தைக் கேளுங்க. 'பழைய அமெரிக்கக் கார் விற்பனைக்கு. ஷெவர்லே. வான நீலம், வெள்ளைக் கூரை. 1955 அல்லது 1956.' அதென்ன 'அல்லது'? பொறந்த வருஷமே தெரியாத மாப்பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

அண்ணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்த வீட்டு விலாசம்?"

"பல் டாக்டர் வீடு. அதான், அந்தக் காலத்துல ஊருக்கே வைத்தியம் பார்த்த பெரிய டாக்டரோட பொண்ணு. ஏன், வாங்கப் போறீங்களா? அண்ணன் சைக்கிள் கேட்டப்பவே நீங்க வாங்கித் தரலை."

"செருப்பைப் போடு. வழியில சொல்றேன்."

வழியில் சொன்னாள். முந்தின நாள், ரேடியோ கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஓர் இளம்பெண் வந்திருந்தாள். பஸ் டிப்போவில் டிரைவர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஓட்டிக் காட்டியதில் அவள்தான் முதல். ஆனால் மேனேஜர் இழுக்கிறார். அதே டிப்போவில் பஸ் கழுவுகிறவர் அவளுடைய அப்பா. ஒரு காலத்தில் ஜவுளிக்கடை முதலாளியின் கார் டிரைவர். சைக்கிளில் போன வாத்தியாரை மழையில் இடித்துவிட்டு நிற்காமல் போனவர் என்று ஊர் சொல்கிற ஆள். லைசென்ஸ் போனது, வேலையும் போனது. "இடிச்சுட்டு ஓடினவன் பொண்ணு கையில பஸ்ஸைக் குடுத்தா பயணிகள் என்ன சொல்வாங்க?" என்பது மேனேஜரின் கேள்வி. திங்கட்கிழமை முடிவு சொல்லிவிடுவார்.

"பாவம். ஆனா அப்பா இடிச்சாரா இல்லையா?"

"இல்லைங்கிறார். அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் அதையேதான் சொல்றார்."

"பின்னே எப்படி மாட்டினார்?"

"இந்த ஊர்ல அந்த மாதிரி கார் ரெண்டே ரெண்டுதான் இருந்தது. ரெண்டும் நீலம், ரெண்டுக்கும் வெள்ளைக் கூரை. ஜவுளிக்கடைக்காரர் கார் ஐம்பத்தஞ்சு மாடல். பெரிய டாக்டர் கார் ஐம்பத்தாறு. கதவு, கண்ணாடி, கூரை எல்லாம் ஒண்ணுதான். முகம்தான் வேற. ஐம்பத்தஞ்சுக்கு வாய் சின்னது, சல்லடை மாதிரி குட்டிக் குட்டிக் கட்டமா இருக்கும். ஐம்பத்தாறுக்கு வாய் இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும்."

"அக்கா தங்கச்சி மாதிரியா? சிரிச்சாத்தான் யாரு எவருன்னு தெரியும்."

"அதேதான். அடிபட்ட வாத்தியார் பார்த்தது முகத்தை மட்டும். 'சின்ன வாய், சல்லடை மாதிரி'ன்னு சொன்னார். இன்சூரன்ஸ் அதிகாரி உடனே ஐம்பத்தஞ்சுன்னு எழுதிட்டார். போதாததுக்கு ஜவுளிக்கடைக் காருக்கு முன் விளக்கு புதுசா மாத்தியிருந்தது. கல்லு தெறிச்சு உடைஞ்சதுன்னு டிரைவர் சொன்னார். யாரும் நம்பலை."

"டாக்டர் காரை யாரும் பார்க்கலையா?"

"ஐம்பத்தாறுக்குப் பெரிய வாய்னு புத்தகத்துல இருந்தது. அப்புறம் எதுக்குப் போய்ப் பார்க்கணும்?"

"நல்ல அதிகாரி! வீட்டுல உட்கார்ந்தே விசாரிச்சிருக்கார். சம்பளத்தையும் வீட்டுக்கே அனுப்பினாங்களா?"

அண்ணி நடையை எட்டிப் போட்டாள்.

"அந்த டிரைவர் ஒண்ணு கேட்டாராம்" என்றாள் சற்றுத் தூரம் போனபின். "'ஒரு எட்டு பின்பக்கம் வந்து பாருங்க'ன்னு அந்த அதிகாரிகிட்டக் கெஞ்சியிருக்கார். 'இடிச்சது முன்பக்கம். பின்பக்கத்துல என்ன பார்க்கிறது?'ன்னு அதிகாரி கிளம்பிட்டார். மழை வேற."

"ஐயோ, நனைஞ்சா கரைஞ்சுடுவாரோ? சர்க்கரை பொம்மையா?"

"ரேடியோ, கொஞ்ச நேரம் சும்மா வா."

நாத்தனார் ஆச்சரியத்துடன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். இதைவிட மோசமாகப் பேசியபோதெல்லாம் அண்ணி சிரித்துத்தான் பழக்கம்.

*

பல் டாக்டரின் வீட்டு முன்பகுதியில் கிளினிக், பின்னால் ஷெட். வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்த பல் டாக்டருக்கு முகத்தில் களைப்பு தெரிந்தது.

"கார் பார்க்க வந்தீங்களா, பல் காட்ட வந்தீங்களா?"

"காரோட பல்லைப் பார்க்க வந்தோம்" என்றாள் ரேடியோ.

பல் டாக்டர் சிரித்துவிட்டார். ஷெட்டின் கதவைத் தள்ளினார். தார்ப்பாயை இழுத்ததும் வான நீலம் தெரிந்தது. முன்னால் சின்ன வாய். சல்லடை மாதிரி குட்டிக் குட்டிக் கட்டம்.

ரேடியோ அண்ணியின் கையைக் கிள்ளினாள். டாக்டர் கார் ஐம்பத்தாறு. வாய் காதுவரை இருக்க வேண்டும் என்றல்லவா வழியெல்லாம் பாடம் நடந்தது?

"வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் முகத்தைப் பார்த்துட்டு ஐம்பத்தஞ்சுங்கிறாங்க" என்றார் பல் டாக்டர். "ஆர்.சி. புத்தகத்துல ஐம்பத்தாறுன்னு இருக்கு. அப்பா காலத்துல ஏதேதோ மாத்தின வண்டி, எந்த வருஷம்னு போடறதுன்னு தெரியலை. ஒண்ணைப் போட்டு வித்தா வாங்கறவரை ஏமாத்தின மாதிரி ஆயிடும். அதான் 'அல்லது'ன்னு போட்டேன்."

"நல்லது பண்ணினீங்க" என்றாள் அண்ணி. காரின் முகத்துக்கு நேரே நின்றவள் நகரவே இல்லை.

"என்ன அண்ணி, பின்னாடி போக இவ்வளவு யோசனை? பாம்பா இருக்கு?"

அண்ணி நடந்தாள். ஒரு கையால் காரின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே போனாள். பின்பக்கம் வந்ததும் இடப்புற டெயில் லைட்டின் முன் குனிந்தாள். பளபளக்கும் உறைக்குள் சிவப்பு வட்டம். உறையின் மேல் இருந்த சின்னக் குமிழைத் திருகினாள். விளக்கு மொத்தமும் கதவுபோல விலகிக்கொண்டது. உள்ளே பெட்ரோல் டாங்க்கின் மூடி.

"அடி ஆத்தி!" என்றாள் ரேடியோ. "விளக்கு வழியா பெட்ரோல் குடிக்குது!"

"இதுதான் ஐம்பத்தாறு, நேத்துதான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஐம்பத்தஞ்சுல பக்கவாட்டுல தனியா ஒரு தகடு மூடி இருக்கும், சாதாரணமா எல்லாக் காருக்கும் இருக்கிற மாதிரி. எந்தக் குழந்தையும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்காது." அண்ணி விளக்கை மெதுவாக மூடினாள். "அன்னைக்கு வாத்தியார் அடிபட்ட கொஞ்ச நேரத்துல, அடுத்த திருப்பத்துல இருக்கிற பங்க்குல ஒரு நீலக் கார் வந்து பெட்ரோல் போட்டது. முன் விளக்கு ஒண்ணு உடைஞ்சிருந்ததுன்னு பங்க்காரர் சொன்னார்; ஊருக்குப் புதுசு அவர், ஓட்டினது யாருன்னு அவருக்குத் தெரியலை. அப்பத்தான் ஒரு குழந்தை கேட்டது, அந்தக் கார் ஏன் விளக்கு வழியா குடிக்குதுன்னு. முகத்தை வாத்தியார் பார்த்தார், முதுகைக் குழந்தை பார்த்தது. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லாம போச்சு."

பல் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க கார் வாங்க வந்தவங்க இல்லையா?"

அண்ணி விசிட்டிங் கார்டை நீட்டினாள். வந்த காரியத்தைச் சொன்னாள். அலங்காரம் எதுவும் வைக்காமல், டிரைவர் மகளின் வேலையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள்.

பல் டாக்டரின் முகம் இறுகியது. "எங்க அப்பாவா? அவர் போனப்ப ஊரே கடையடைச்சது தெரியுமா உங்களுக்கு? அந்த முகத்தை அதுக்கப்புறம் மாத்தியிருக்கலாம். விபத்து நடந்தப்ப இந்தக் காருக்குப் பெரிய வாய் இருந்திருக்கலாம் இல்லையா?"

"இருந்திருக்கலாம். அப்படின்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள் அண்ணி. "முகத்தை எப்ப மாத்தினாங்கன்னு உங்களுக்கு நினைவிருக்கா?"

பல் டாக்டர் கோபத்தோடு கிளினிக் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு தடவை அப்பா மரத்துல மோதி முன்பக்கம் நசுங்கிப் போச்சு. இதே மாடலுக்குக் கிடைக்கலைன்னு டிங்கர் எங்கேயோ இருந்து வேற முகம் கொண்டுவந்து மாட்டினார். அந்தப் படம் உள்ளே தொங்குது, வந்து பாருங்க."

காத்திருக்கும் நோயாளிகள் பார்ப்பதற்கென்றே சுவரில் மாட்டிய படம். காரின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு சிறுமி வாயெல்லாம் சிரிக்கிறாள். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை. பின்னால் கார், சின்ன வாயோடு.

"எனக்கும் காருக்கும் ஒரே சமயத்துல வாய் போச்சுன்னு அப்பா கேலி பண்ணுவார்" என்றார் பல் டாக்டர். சொல்லும்போதே குரல் நெகிழ்ந்தது. "பல் விழுந்தா பயப்பட வேண்டாம்னு குழந்தைங்களுக்குக் காட்டத்தான் இங்கே மாட்டியிருக்கேன்."

"வாத்தியார் அடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கா?"

"நல்லா. அவர் என் கிளாஸ் வாத்தியார். எனக்குப் புதுப் பல் ரெண்டும் பெரிசா முளைச்சிருந்தது. கிளாஸ்ல எல்லாரும் 'முயல், முயல்'னு கூப்பிட்டு அழ வைப்பாங்க. ஒரு நாள் வாத்தியார், 'அவ பல்லைப் பார்த்தா சிரிச்ச முகமா இருக்கு, உங்களுக்கெல்லாம் அப்படி வாய்க்கலையேன்னு பொறாமை'ன்னார். அதோட அந்தப் பேரே நின்னு போச்சு. அப்புறம் கொஞ்ச நாள்லதான் அவரு..."

பல் டாக்டரின் பார்வை படத்தின் மேல் போய் நின்றது.

அந்தப் படத்தில் பல் இல்லை. வாத்தியார் அடிபட்டபோது பல் முளைத்திருந்தது. அப்படியென்றால் மழையில் வாத்தியாரை இடித்த அன்று இந்தக் காருக்குச் சின்ன வாய்தான்.

"அன்னைக்கு அப்பா வீட்டுக்குள்ளே வரலை" என்றார் பல் டாக்டர், படத்தைப் பார்த்தபடியே. "ஷெட்ல, காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அம்மா போய்க் கூப்பிட்டும் வரலை. யாரோ நோயாளி செத்துப் போயிட்டாங்கன்னு நினைச்சோம். மறுநாள்ல இருந்து வாத்தியார் வீட்டுக்கு அவரே நடந்து போய் உடைஞ்ச காலுக்குக் கட்டுப் போட்டார். கடைசி வரைக்கும் அந்தக் காலைப் பார்த்துக்கிட்டார். வாத்தியார் எப்பப் பார்த்தாலும், 'உங்க அப்பா தெய்வம்மா'ன்னுவார். அப்ப எல்லாம் அப்பா தலையைக் குனிஞ்சுக்குவார். அடக்கம்னு நினைச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த டிரைவர் எங்க அப்பா பேரைச் சொல்லியிருக்கலாமே? டிரைவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

"தெரியும். அவர் மகள் பொறந்தப்ப தாயும் பிள்ளையும் பிழைச்சது உங்க அப்பாவாலதான். 'அவர் பேரை என் வாயால எப்படிச் சொல்வேன்'னு இத்தனை வருஷமா வீட்டுலகூடச் சொல்லலையாம், முந்தாநாள்தான் மகள்கிட்டச் சொல்லியிருக்கார். பங்க்குல குழந்தை கேட்டது அவர் காதுக்கும் வந்திருக்கு; தன் வண்டியைப் பின்பக்கம் வந்து பாருங்கன்னு மட்டும்தான் கேட்டார். பார்த்தா அவர் சொல்லாமலே தெரிஞ்சிருக்கும்."

பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் அவருடைய அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே வந்தபோது மூவருமே அதைக் கடந்துதான் வந்திருந்தார்கள்.

"நான் எழுதிக் குடுக்கணும், இல்லையா? செத்துப் போனவர் பேரை நானே கெடுக்கணும்."

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ஏன் மேடம் கூனிக் குறுகணும்? எல்லாம் அந்த இன்சூரன்ஸ் அதிகாரியால வந்தது. ஒரு எட்டு நடக்க வலிச்சதா அந்த மகராசனுக்கு? இப்ப எந்த ஊர்ல பென்ஷன் வாங்கிக்கிட்டு ஊஞ்சல் ஆடறாரோ! அவரைக் கூட்டிக்கிட்டு வந்து இந்த விளக்கு முன்னாடி நிறுத்தி..."

"நிறுத்தியாச்சு" என்றாள் அண்ணி.

ரேடியோ வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அந்த வேலையில அப்பத்தான் சேர்ந்திருந்தேன். கார் படப் புத்தகம் ஒண்ணு வாங்கி வருஷவாரியா மனப்பாடம் பண்ணியிருந்தேன். எந்தக் காரைப் பார்த்தாலும் வருஷம் சொல்லுவேன்னு எனக்குப் பெருமை. புத்தகத்துல எல்லாக் காரும் முகத்தைக் காட்டித்தான் நிக்கும். முதுகு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கவும் தெரியலை." அண்ணி பல் டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவர் மகள் நேரா என்கிட்ட வந்தப்ப, ஏம்மா என்கிட்ட வந்தேன்னு கேட்டேன். 'அப்பாதான் அனுப்பினார். எல்லாரும் நிக்க வச்சே கேள்வி கேட்டாங்க, அந்தம்மா மட்டும்தான் நாற்காலி போட்டாங்க, அவங்ககிட்டப் போன்னார்'னு சொல்லுது அந்தப் பொண்ணு. அவரை உட்கார வச்சுத்தான் அவர் வாழ்க்கையை எழுதி முடிச்சேன். அதனால உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு யோக்கியதை இல்லைம்மா. நீங்க எழுதாட்டியும் நான் என் தப்பை எழுதிக் குடுத்துடுவேன். ஆனா என் ஒருத்தி பேச்சை மேனேஜர் நம்புவாரான்னு தெரியலை."

பல் டாக்டர் எழுந்து அந்தப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார்.

"எழுதித் தர்றேன், படத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றார். "வாத்தியாருக்கு நானே நேர்ல போய்ச் சொல்றேன். அன்னைக்கு என் பல்லுக்காகப் பேசினவர். அவர் அந்த டிரைவரைத் தப்பா நினைச்சுக்கிட்டே இருக்கக் கூடாது."

தெருத் திருப்பம் வரை போனதும் ரேடியோ அண்ணியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சர்க்கரை பொம்மைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் அண்ணி."

"வேண்டாம். சரியாத்தான் சொன்னே."

*

திங்கட்கிழமை டிப்போ மேனேஜர் படத்தையும் இரண்டு பேர் வாக்குமூலத்தையும் வாத்தியாரையும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டியிருந்தது. வாத்தியார் ஊன்றுகோலோடு வந்து, "பஸ்ஸை இந்தப் பொண்ணு ஓட்டினா நான் முதல் சீட்டுல உட்கார்ந்து வருவேன்" என்றாராம். அதற்குமேல் இழுக்க மேனேஜரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. போலீஸ் நிலையத்திலும் பழைய வழக்கைத் திருத்த அண்ணி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகுதான் டிப்போவின் பின்கட்டுக்குப் போனாள். பழைய டிரைவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் குழாயை மூடினார். சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. இங்கே நாற்காலி கிடையாது."

அண்ணி உட்காரவில்லை. சொல்ல வேண்டும் என்று மனதில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்து போயிற்று. "தப்புப் பண்ணிட்டேன் ஐயா" என்று மட்டும் வந்தது.

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடியதா அது? ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"டாக்டரோட வண்டியைப் பின்பக்கம் போய்ப் பார்த்தீங்களாமே. எங்க பாப்பா சொன்னா."

"பார்த்தேன்."

"நம்ம வண்டியை?"

அண்ணி இல்லையென்று தலையசைத்தாள்.

"ஜவுளிக்கடை குடோன்லதான் கிடக்கு" என்றார் அவர். குழாயைத் திறந்து அடுத்த சக்கரத்துக்குத் திரும்பினார்.

குடோனுக்கு அண்ணி தனியாகப் போனாள். ரேடியோவிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் போனாள். கடவுள் அந்தப் பொய்யை மன்னிப்பார். "பழைய டிரைவரைத் தவிர இங்கே யாரும் வர்றதில்லை" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் காவல்காரர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

கிழிந்த அட்டைப் பெட்டிகளுக்கு அப்பால், சன்னல் வெளிச்சத்தில் அது நின்றது. டயர்கள் தரையோடு ஒட்டிவிட்டன. நீலம் எங்கே முடிந்து துரு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அண்ணி பழக்கத்தில் முதலில் முகத்துக்கு நேரேதான் போய் நின்றாள். சின்ன வாய். குட்டிக் குட்டிக் கட்டம்.

பிறகு நடந்தாள். கதவுகளைக் கடந்து, பின்சக்கரத்தைக் கடந்து, பின்பக்கம் வந்தாள். டெயில் லைட்டைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. அதற்குச் சற்று முன்னால், பக்கவாட்டுத் தகட்டில், சாதாரணமான ஒரு சிறு மூடி. எந்தக் குழந்தையும் கேள்வி கேட்காத மூடி.

துருப்பிடித்து ஒட்டியிருக்கும், பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து விரல் நுனியை வைத்தாள்.

சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. வண்டி முழுவதும் துரு; அந்த ஒரு கீலில் மட்டும் புது எண்ணெய் மினுங்கியது.

அண்ணி குனிந்து உள்ளே பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு மூடியை மூடி, தன் கைக்குட்டையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.